புளியங்கட்டைக்கு ரெண்டு மணி பத்து நிமிஷம்

என் அண்ணனிடம் நெருப்புக் கேட்கக் கூடாது என்பதற்காக நான் நாற்பது நாள் விறகு எரித்துப் பார்த்தேன். எந்த விறகு எத்தனை நிமிடம் நின்று எரிகிறது என்று செல்போனில் நேரம் பார்த்து நோட்டுப் போட்டு எழுதினேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதன் செய்கிற வேலையா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனாலும் செய்தேன். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

அண்ணன் பெயர் சின்னண்ணன். எனக்கு ஏழு வயது மூத்தவர். நான் சுவாமிநாதன். எங்கள் இரண்டு பேர் காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

காரணம் தண்ணீர். நான் முப்பது வருடம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். போர் போடுகிற லாரி. கடைசிப் பத்து வருடம் அதில் மேனேஜர். மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று ஊர் ஊராகப் போய் அடுத்தவர் காட்டிலெல்லாம் துளை போட்டேன். பிறகு ஒரு சித்திரையில் முதலாளியிடம் கேட்டு அதே வண்டியைச் சொந்த ஊருக்கு ஓட்டிவந்து என் காட்டில் நிறுத்தினேன். நிறுத்திய இடத்திலிருந்து வரப்பு இருபதடி. வரப்பைத் தாண்டினால் அண்ணனுடைய கிணறு.

"சித்தே அக்கட்டால தள்ளிப் போட்டுக்கடா" என்று அவர் வந்து சொன்னார்.

"நீரோட்டம் இங்கதானுங்ணா காட்டுது" என்றேன்.

தொள்ளாயிரத்து முப்பது அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஊரே வந்து பார்த்தது. நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் நின்று நனைந்தேன். எட்டாம் நாள் அண்ணன் கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. அந்த ஐப்பசிக்குள் அவருடைய பதினெட்டுத் தென்னையும் காய்ந்து போயின.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி, யாராவது வந்து விலக்கிவிட்டு, அதோடு முடிந்திருக்கும். அவர் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவருக்கு இல்லாத அக்கறை எனக்கெதற்கு என்று நானும் நிறுத்தினேன். தப்புச் செய்தவனுக்குத்தான் ரோஷம் இரண்டு பங்கு வரும். சந்தேகம் இருந்தால் என்னை வந்து பார்க்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் போரும் மூன்றாம் வருடமே வற்றிவிட்டது. அதில் மாட்டியிருந்த கம்ப்ரசர் மோட்டாரைப் போட்டால் குழாயில் வெறும் காற்றுத்தான் வரும். முதுகு போய் ரிக்கை விட்டு நான் வீட்டோடு வந்து சேர்ந்தது அப்போதுதான். அன்றிலிருந்து எட்டு வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு அந்த மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விடுகிறேன். டக்குடக்கு என்று அது போடுகிற சத்தம் அண்ணன் வீட்டு வாசல்வரை கேட்கும். கேட்கட்டும் என்றுதான் ஓட விட்டேன். குடிப்பதும் குளிப்பதும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். நான் மீசையைத் தினமும் காலையில் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படியே காலம் போயிருக்கும். என் மகள் சௌந்தர்யாவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது.

எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம். வீட்டில் கல்யாணம் வைத்தவன் அதற்கு முந்தின மாசியில் குலசாமி கோயிலில் பொங்கல் வைக்க வேண்டும். உச்சிப் பூசைக்குள் பானை சாமி முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் பங்காளிகளுக்குப் பத்திரிகை கொடுக்கலாம். சேராவிட்டால் அடுத்த மாசிவரை கல்யாணம் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் அதுவரை காத்திருக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? சௌந்தர்யாவுக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது. கோயமுத்தூரிலிருந்து அவள் போன் செய்கிறபோது குரலிலேயே அது தெரியும். பதினோரு வருடமாக அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்குமே என்று நான் அந்தப் பொங்கலுக்குப் போனதில்லை. இந்த வருடம் போயே தீர வேண்டும்.

போவதில்கூடக் கஷ்டமில்லை. அடுப்பில்தான் கஷ்டம். கோயில் பொட்டலில் இருபத்தேழு குடும்பத்துக்கும் இருபத்தேழு மூன்றுகல் அடுப்பு, மூப்புப்படி ஒரே வரிசையில். அண்ணன் அடுப்பு பதினாலாவது, என் அடுப்பு பதினைந்தாவது. பானையைப் பெண்கள் பார்ப்பார்கள், நெருப்பை ஆண்கள் பார்க்க வேண்டும். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. சாமி முன் ஏற்றிய நெருப்பைக் கோயில் பெரியதனக்காரர் சண்முகவேல் ஒரு தென்னம்பாளையில் வாங்கிவந்து எல்லா அடுப்பிலும் வைத்துக்கொண்டே போவார். அதோடு அவர் வேலை முடிந்தது. அதன்பிறகு எவன் அடுப்பாவது அணைந்தால் அவன் பக்கத்து அடுப்பில் நெருப்பு வாங்க வேண்டும். வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் எடுக்கவும் கூடாது, கேட்காமல் கொடுக்கவும் கூடாது. இன்னொன்று, பொங்கி முடித்த பிறகும் நெருப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது தானாக அணைகிறவரை அடுப்புக்காரன் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கு மற்றதெல்லாம் சரி. அந்த வாய் திறக்கிற விஷயம்தான் தொண்டையில் நின்றது. அணையாத நெருப்பாக வைத்துவிட்டால் யாரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? அடிக்கு இத்தனை நிமிடம் என்று முப்பது வருடம் கல்லை அளந்தவன் கட்டையை அளக்க மாட்டேனா என்று கிளம்பினேன்.

வீட்டுப் பின்னால் வெந்நீர் அடுப்பு ஒன்று உண்டு. அதுதான் என் ஆராய்ச்சிக்கூடம். ஒவ்வொரு விறகிலும் ஒரு கிலோ நிறுத்து, அடுப்பில் வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பேன். நன்றாகப் பற்றியதும் போனில் நேரத்தை ஓட விடுவேன். முருங்கை எரியவே இல்லை, அழுதது. தென்னை மட்டை ஒன்பது நிமிடம். வேலிமுள் நாற்பது. கருவேலம் நாற்பத்தெட்டு. துவரை மார், அதாவது துவரை அறுத்த பிறகு காட்டில் நிற்கிற காய்ந்த செடி, நாலே நிமிடம். நான் நோட்டில் அதற்கு நேரே 'குப்பை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். வேம்பை எடுத்தபோது என் மனைவி சித்ரா வந்து கட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாரியாத்தா மரத்தை எரிச்சுப் போட்டு, கல்யாணத்தன்னைக்கு அம்மை போட்டா என்ன பண்ணுவீங்க?"

வேம்புக்கு நேரே 'அனுமதி இல்லை' என்று எழுதினேன்.

நாற்பது நாளும் எங்கள் வீட்டில் வெந்நீருக்குக் குறைவில்லை, குளிக்கத்தான் முடியவில்லை. குழாயில் வாரம் இரண்டு நாள் தண்ணீர் வருகிற ஊரில் எத்தனை அண்டா நிரப்புவது? ஒரே அண்டாத் தண்ணீரை ஆற வைத்து ஆற வைத்துச் சுட வைத்தேன். கொடியில் காய்ந்த துணியெல்லாம் புகை நாற்றம். சித்ராவின் சேலையை மோந்து பார்த்தே அன்றைக்கு எந்த விறகு என்று சொல்லுகிற அளவுக்கு எனக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. அதைப் பெருமையாக அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் அன்று இரண்டு நேரமும் பழைய சோறு போட்டாள்.

கடைசியில் ஜெயித்தது புளி. ரோட்டை அகலமாக்குவதற்காகப் போன வருடம் வெட்டிப் போட்ட புளியமரத்திலிருந்து தொடைப் பருமனில் ஆறு கட்டை வாங்கி வைத்திருந்தேன். இரண்டை முழுசாக எரித்துப் பார்த்தேன். ஒரு கட்டை ரெண்டு மணி பத்து நிமிஷம் நின்று எரிந்தது. மறுபடி பார்த்தாலும் அதே ரெண்டு பத்து. நோட்டில் அதைச் சிவப்பு மையில் எழுதினேன். ஒன்பதரைக்கு நெருப்பு வைத்தால் உச்சிப் பூசைக்குள் ஒரு கட்டையே போதும். நான் கைகட்டி உட்கார்ந்திருக்கலாம். பதினாலாவது அடுப்புப் பக்கம் திரும்ப வேண்டிய வேலையே இருக்காது.

"கொஞ்சம் சுள்ளியும் எடுத்துக்குங்க மாமா. கட்டை மட்டும் எப்படிப் புடிக்கும்?" என்றாள் சித்ரா.

"சுள்ளி வெச்சா நிமிஷத்துக்கு ஒருதரம் குனியோணும். இது நாப்பது நாள் கணக்கு. உனக்குத் தெரியாது" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதற்கு அவளே சாட்சி. இதுவரை பல பேரிடம் சாட்சி சொல்லியும் இருக்கிறாள்.

மாசி மாதம் அந்த நாளும் வந்தது. பொட்டலில் நல்ல காற்று. நான் மீதியிருந்த நாலு புளியங்கட்டையோடு போய்ப் பதினைந்தாவது அடுப்பு முன் நின்றேன். அண்ணன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் தூரத்திலிருந்து பார்க்கிறபோது அவ்வளவு தெரிந்ததில்லை. பக்கத்தில் ஒரு பெரிய கட்டாகத் துவரை மார் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு நிமிடக் குப்பையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். அவர் துவரை மாரோடு ஏன் வந்தார் என்று நான் நினைக்கவில்லை. கிணறு இருந்தபோது அவர் தென்னை மட்டையும் பாளையும் கொண்டுவருவார். கிணறு போன பிறகு அந்தக் காட்டில் மழையை நம்பித் துவரை மட்டும்தான் விளைகிறது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தெரிந்ததை நினைக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

சித்ரா பானையோடு உட்கார்ந்தாள். பக்கத்து அடுப்பில் அண்ணன் மனைவி அத்தாயி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்ததில் ஏதோ ஒரு ஒத்திகை தெரிந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஒன்பதரைக்குச் சண்முகவேல் பாளை நெருப்போடு வந்தார். என் கட்டைகளைப் பார்த்தார்.

"என்னப்பா, ஊடு கட்டப் போறயா?"

"பாருங்க மாமா, ஒரே கட்டைதான்" என்றேன். பெண் கொடுத்த வகையில் அவர் எனக்கு மாமன் முறை. சிரித்துக்கொண்டே பாளையில் கொஞ்சம் முறித்து வைத்துவிட்டுப் போனார்.

பாளை எரிந்தது. கட்டையின் தோல் கொஞ்சம் கருகியது. பாளை முடிந்தது. பிறகு புகை. நான் குனிந்து ஊதினேன். ஓரத்தில் ஒரு கங்கு தெரிந்தது. ஊதினால் சிவந்தது, நிறுத்தினால் கறுத்தது. அப்போதுதான் என் நோட்டில் ஒரு கட்டம் இல்லை என்று புரிந்தது. எரிகிற நேரத்தை எழுதியிருந்தேன். பற்றுகிற நேரத்தை எழுதவே இல்லை. ரிக் வேலையில் பழகிய புத்தி அது. துளைக்கிற ராடு கல்லைத் தொட்ட பிறகுதான் அங்கே மணி பார்ப்போம். வண்டியை நிறுத்தி, ஜாக்கி போட்டு, மாஸ்ட் கம்பத்தைத் தூக்குகிற நேரமெல்லாம் கணக்கில் வராது. வீட்டில் மண்ணெண்ணெய் வேறு ஊற்றியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்தச் சுரைக்காயை நானே ஒருநாள் நட்டு வளர்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பத்து மணிக்கு வரிசையில் முதல் பானை பொங்கியது. குலவை கேட்டது. அடுத்தடுத்துப் பொங்கிக்கொண்டே வந்தன. அண்ணன் அடுப்பில் துவரை மார் தழதழவென்று எரிந்து, பத்தே காலுக்கு அத்தாயியின் பானை நுரை தள்ளியது. எங்கள் பானையில் சித்ரா விரலை விட்டுப் பார்த்தாள்.

"கை கழுவலாமுங்க" என்றாள்.

நான் இடுப்பிலிருந்த சூரிக்கத்தியால் இன்னொரு கட்டையைச் செதுக்கி, செதிலை வைத்து ஊதினேன். புளி சாமானியத்தில் செதிலாகாது. கத்திதான் மழுங்கியது. கண்ணெல்லாம் எரிந்து தண்ணீர் கொட்டியது. பதினாறாவது அடுப்பில் இருந்த சித்தப்பா மகன் ஜெயபிரகாஷ், "கட்டை நெம்ப ஒசத்திங்களா?" என்று கேட்டான். அவனிடம் அப்போதே நெருப்புக் கேட்டிருக்கலாம். பெருமையில் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் அவன் பானையை இறக்கினான். அவன் வைத்திருந்த தென்னை மட்டை சொன்னபடி ஒன்பதாவது நிமிடம் அணைந்தது. அந்த நிலைமையிலும் நான் அதைப் போனில் பார்த்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதினொன்றுக்கு என் கங்கும் செத்தது. வரிசை முழுக்கச் சாம்பல். இருபத்தாறு பானை சாமி முன் போய் அமர்ந்துவிட்டன. பூசாரி தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று கல் மேல் மீதியிருந்தது எங்கள் பானை ஒன்றுதான். சித்ரா கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினாள். சௌந்தர்யா அனுப்பியிருந்தாள்: 'பொங்கிருச்சாம்மா?' என் வீம்புக்கு என் பெண்ணின் கல்யாணத்தைப் பணயம் வைத்துவிட்டு நான் கட்டை செதுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொட்டலில் இன்னும் எரிந்துகொண்டிருந்த அடுப்பு ஒன்றே ஒன்று. பதினாலாவது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். கோபத்தில் வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் போனை எடுத்து அவர் நெருப்புக்கும் நேரம் பார்த்தேன். ஒரு கைப்பிடி மார் வைத்தார். நாற்பது நொடி. அணையப் போகிற நேரத்தில் அடுத்த கைப்பிடி. அதுவும் நாற்பது நொடி. அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அடுப்பை மட்டும் பார்த்து, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் பானை இல்லை.

அத்தாயி பானையை இறக்கியது பத்தே முக்காலுக்கு. இப்போது மணி பதினொன்று பத்து. இருபத்தைந்து நிமிடமாக ஒரு மனிதர் நாற்பது நொடிக்கு ஒருதரம் குனிந்து ஒன்றுமில்லாத அடுப்பை எரித்துக்கொண்டிருக்கிறார். கேட்காமல் கொடுக்கக் கூடாது. அணைய விட்டாலோ, கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் அணைய விடாமல் வைத்திருக்கிறார். கணக்குப் போட்டவன் நான், எனக்கு இது புரிய இவ்வளவு நேரமானது. அவருடைய துவரை மார்க் கட்டைப் பார்த்தேன். வந்தபோது இரண்டு கைக்கு அடங்காமல் இருந்தது. இப்போது ஐந்து கைப்பிடி இருந்தால் அதிகம். இருநூறு நொடி.

நான் எழுந்திருக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எழ வேண்டும் என்று நினைத்தேன், கால் வரவில்லை. நாலு கைப்பிடி ஆனது. மூன்றானது. என் வாயில் அந்த வார்த்தை இருந்தது, பதினோரு வருடத்து மண் அதன் மேல் கிடந்தது. கடைசிக் கைப்பிடியை வைத்துவிட்டு அண்ணன் சுற்றிலும் தரையைப் பார்த்தார். வேறு ஒன்றும் இல்லை. மாரைக் கட்டிவந்த கயிற்றை எடுத்துச் சுருட்டி நெருப்பில் வைத்தார்.

அந்தக் கயிறு என்னை எழுப்பிவிட்டது.

"அண்ணா" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. இருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். "கொஞ்சம் நெருப்புக் குடுங்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கேக்கறதுக்கு இத்தன நேரமாடா?" என்றார். "கையை வெச்சுக்காத, கயிறு தெறிக்கும்" என்று சொல்லி, எரிகிற மாரையும் கயிற்றையும் இரண்டு ஓட்டுச்சில்லுக்கு நடுவில் பிடித்து அவரே கொண்டுவந்து என் அடுப்பில் வைத்தார்.

நெருப்பு வந்துவிட்டது. ஆனால் கட்டை பிடிக்க வேண்டுமே. நான் மறுபடி கத்தியை எடுத்தேன். சித்ரா எழுந்து எங்கள் ஸ்கூட்டருக்குப் போய், கால் வைக்கிற இடத்தில் கிடந்த சாக்கை உதறினாள். உள்ளே ஒரு கட்டுச் சுள்ளி, நாலைந்து கொட்டாங்கச்சி, ஒரு கை தேங்காய் நார்.

நான் வாயைப் பிளந்தேன். "இதெல்லாம் காத்தாலிருந்து இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்பறம் ஏன் குடுக்கல?"

"குடுத்திருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?" என்று சொல்லிவிட்டு அத்தாயியைப் பார்த்தாள். "அக்கா, அந்த நாரை இப்படி வைங்க." அத்தாயி வந்து உட்கார்ந்து வைத்தாள். இரண்டு பேர் கையும் பேச்சும் பழகின வேகத்தில் போயின. இந்தப் பதினோரு வருடமும் அவர்கள் நாள் தவறாமல் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானும் அண்ணனும் மட்டும்தான் சண்டையில் இருந்திருக்கிறோம்.

கொட்டாங்கச்சி பிடித்தது, சுள்ளி பிடித்தது. புளியங்கட்டை ஒருவழியாக மனம் இரங்கிப் பற்றியது. பற்றிய பிறகு அது நின்று எரிவதைப் பற்றி நான் எழுதியதெல்லாம் உண்மை. பதினொன்றரைக்குப் பானை பொங்கியது. அத்தாயிதான் குலவை போட்டாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சித்ரா பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அது இருபத்தேழாவது பானையாகப் போய் உட்கார்ந்ததும்தான் சண்முகவேல் மணியை அடிக்கச் சொன்னார். சோறு அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது. சாமி அதைப் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை.

பூசை முடிந்து, பந்தி முடிந்து, எல்லோரும் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சித்ராவும் அத்தாயியும் பாத்திரம் கழுவக் கோயில் தொட்டிக்குப் போனார்கள். நான் போக முடியாது. என் அடுப்பில் கட்டை ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றக் கூடாது, விட்டுவிட்டுப் போகவும் கூடாது. அணையாத விறகைத் தேடித் தேடிக் கொண்டுவந்தவன் நான்தானே. உட்கார்ந்தேன்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். என் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க போலாமுங்ணா. உங்க அடுப்புத்தான் அணைஞ்சிருச்சே" என்றேன்.

"இதும் நாங் குடுத்த நெருப்புத்தான்" என்றார்.

எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. வாய் ஒருதரம் திறந்துவிட்டால் அடுத்த தரம் அவ்வளவு கஷ்டமில்லை.

"கெணத்துக்குப் பக்கத்துல போர் போட்டது தப்புத்தானுங்ணா. தெரிஞ்சேதான் போட்டேன்."

"தென்னைதான்டா போச்சு" என்றார் அவர். "நம்மய்யன் வெச்ச தென்னை."

மீதியையும் அப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"போருலயும் தண்ணியில்லீங்ணா. எட்டு வருசமா வெறுங் காத்துத்தான்."

"தெரியும்."

"எப்படிங்ணா?"

"தண்ணி வந்தா மோட்டாருச் சத்தம் வேறடா. எனக்குத் தெரியாதா?" அவர் ஒரு சுள்ளியால் சாம்பலைக் கிளறினார். "தெனமும் காத்தால ஆறு மணிக்கு, இவன் எதுக்கு இப்படிக் கரண்டை வீணாக்கறான்னு கேக்கோணும்னு இருக்கும். பேச்சுத்தான் இல்லயே."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால் கட்டை சுத்தமாக எரிந்துகொண்டிருந்தது. பற்றி எரிகிற புளியில் புகை வராது என்று நோட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

"சௌந்தர்யா கல்யாணத்துக்கு நீங்க வந்து முன்னால நிக்கோணுமுங்ணா" என்றேன்.

"உங்கண்ணி போன மாசமே சேலை எடுத்துட்டா" என்றார்.

உச்சி வெயில் லேசாகச் சாய ஆரம்பித்தது. கட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டு வந்தது. அண்ணன் அதைக் காட்டி, "இது எப்ப அணையும்?" என்று கேட்டார்.

நான் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். சிவப்பு மையில் எழுதிய இடத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் நோட்டைத் தள்ளிப் பிடித்து மெதுவாகப் படித்தார். ரெண்டு மணி பத்து நிமிஷம். கொஞ்சம் மேலே துவரை மாருக்கு நேரே எழுதியிருந்ததையும் படித்திருப்பார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

நான் போனைப் பார்த்தேன். கட்டை பற்றியது பதினொன்று இருபதுக்கு. இப்போது ஒன்று இருபத்தைந்து. இன்னும் ஐந்து நிமிடம்.

பக்கத்தில் இரண்டு புளியங்கட்டை சும்மா கிடந்தன. பானை இல்லை, பூசை முடிந்துவிட்டது, அடுப்பில் இனி ஒன்றும் வேக வேண்டியதில்லை. நான் ஒன்றை எடுத்து நெருப்பில் வைத்தேன். அண்ணன் அதைப் பார்த்தார். குனிந்து, காற்று வருகிற பக்கமாகக் கட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, சப்பணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டார்.